பத்து மீட்டரில் எருமை: ஆபத்தான விலங்கு வேட்டைக்கு ரைஃபிள் ஸ்கோப் தேர்வு

ஆப்பிரிக்க எருமையின் மீது பாயும் முதல் குண்டு பெரும்பாலும் 40 முதல் 80 மீட்டர் தூரத்தில் சுடப்படுகிறது. விலங்கு நின்றுகொண்டிருக்கும். சுடுபவர் மூன்று கால் கம்பின் மேல் ரைஃபிளைத் தாங்கி, மூச்சை அடக்கிக் குறிபார்க்க நேரம் கிடைக்கும். அந்தக் குண்டு ஒரு சாண் தள்ளிப் பட்டால் நிலைமையே வேறு. காயம்பட்ட எருமை அடர்ந்த முட்புதருக்குள் போய் நின்றுவிடும். தடம் பார்ப்பவர் முன்னால் நடக்க, வேட்டைக்காரர் பின்னால் போக வேண்டும். அங்கே இரண்டாவது குண்டுக்கான தூரம் 10 மீட்டராக இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். பாய்ந்து வரும் எருமை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அதாவது நொடிக்குச் சுமார் 14 மீட்டர்.

ஒரே ரைஃபிள், அதன் மேல் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஒரே ஸ்கோப், இந்த இரண்டு வேலைகளையும் செய்தாக வேண்டும். கடையில் ஸ்கோப் வாங்குகிறவர்கள் முதல் வேலையை மட்டும் நினைத்து வாங்குகிறார்கள். அதனால்தான் உருவத்தை 3 முதல் 9 மடங்கு, 4 முதல் 12 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்புகள் .375 காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) ரைஃபிள்களின் மேல் ஏறி உட்காருகின்றன. இரண்டாவது குண்டுக்காகத் தேர்ந்தெடுத்த ஸ்கோப் முதல் குண்டுக்கும் தாராளமாகப் போதும். முதல் குண்டுக்காக வாங்கியது இரண்டாவதற்கு உதவாது. அந்த இடத்தில் ஆபத்து சுடுபவருக்கு மட்டும் இல்லை. ஆயுதமில்லாமல் முன்னால் நடக்கும் தடம் பார்ப்பவருக்கும், வலியோடு ஓடிக்கொண்டிருக்கும் விலங்குக்கும் சேர்த்துத்தான்.

இங்கே பேசுவது தான்சானியா, ஜிம்பாப்வே, மொசாம்பிக், நமீபியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் உரிமத்தோடு நடக்கும் வேட்டையைப் பற்றி. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. போட்ஸ்வானா 2014-இல் தடை செய்து 2019-இல் தடையை நீக்கியது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த வேட்டைக்கு இடமே இல்லை. யானை, எருமை, சிங்கம், சிறுத்தை, நீர்யானை ஆகியவை ஆபத்தான விலங்குகள் என்ற பட்டியலில் வருபவை. எருமைக்கும் யானைக்கும் பல நாடுகளில் .375 காலிபர்தான் நடைமுறையில் கீழ் எல்லை. ஸ்கோப் பற்றிய எல்லாக் கணக்கும் அங்கிருந்தே தொடங்குகிறது.

உதையும் புருவமும்

1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், 300 கிரெய்ன் (19.4 கிராம்) குண்டை நொடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. 4.3 கிலோ ரைஃபிளில் இதன் உதை ஏறக்குறைய 55 ஜூல். பலருக்கும் பழக்கமான .30-06 ரைஃபிளின் உதையைப்போல் இது இரண்டு மடங்கு. .416 ரிக்பி 75 ஜூலை நெருங்கும். .458 லாட் 90-ஐத் தாண்டும்.

இந்த உதையில் ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தில் இடிக்கலாம். கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரத்தைக் கண் இடைவெளி என்போம். இந்தத் தூரத்தில் கண் இருந்தால்தான் முழு வட்டமும் தெளிவாகத் தெரியும். சாதாரண வேட்டை ஸ்கோப்பில் இது 85 முதல் 90 மில்லிமீட்டர். .375-க்கு 95-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. .416-க்கும் அதற்கு மேலும் 100-ஐத் தாண்ட வேண்டும். ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் தன் இசட்6ஐ 1-6x24 ஸ்கோப்பில் (1 முதல் 6 மடங்கு உருப்பெருக்கம், 24 மி.மீ. முன் கண்ணாடி) 120 மி.மீ. கண் இடைவெளியோடு ஒரு தனி வகையைச் செய்தது இந்த ரைஃபிள்களை மனதில் வைத்துத்தான். விளம்பரத்தில் ஒரே ஓர் எண் போட்டிருந்தால் நம்பிவிடக் கூடாது. பல ஸ்கோப்புகளில் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது கண் இடைவெளி 10 மி.மீ. வரைகூடச் சுருங்கும். குறைந்த மடங்கில் எவ்வளவு, கூடிய மடங்கில் எவ்வளவு என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

புருவம் கிழிவது பெரும்பாலும் பயிற்சி மேடையில் நடப்பதில்லை. மேட்டுச் சரிவை நோக்கி மேலே சுடும்போது, தரையில் உட்கார்ந்து சுடும்போது, அவசரத்தில் கழுத்தை நீட்டிச் சுடும்போது நடக்கிறது. இந்த நிலைகளில் தலை தானாகவே 20, 30 மி.மீ. முன்னால் போய்விடும். அதனால் ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் வளையத்தில் பொருத்தும்போது உட்கார்ந்துகொண்டு பொருத்தக் கூடாது. வேட்டையில் போடும் சட்டையையே போட்டுக்கொண்டு, நின்ற நிலையில், கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். தலையை அசைக்காமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து இதைச் செய்து, வட்டத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்பு விளிம்பு தெரியத் தொடங்கும் இடம்வரை ஸ்கோப்பை முன்னால் தள்ள வேண்டும். குறைந்த மடங்குக்கு வந்ததும் அந்த விளிம்பு மறைந்துவிடும். மிச்சமாகும் ஐந்தாறு மி.மீ. புருவத்துக்குக் காப்பு.

1 மடங்கு ஏன்?

நல்ல 1-6x24 ஸ்கோப் ஒன்று, 1 மடங்கில், 100 மீட்டர் தூரத்தில் சுமார் 42 மீட்டர் அகலத்தைக் காட்டும். 3 மடங்கில் தொடங்கும் ஸ்கோப் 12, 13 மீட்டர்தான் காட்டும். 100 மீட்டரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 20 மீட்டருக்கு இறக்கிப் பாருங்கள். முதலாவதில் எட்டரை மீட்டர் அகலம் தெரியும். எருமை, அதன் இரு பக்கமும் இருக்கும் புதர், பக்கத்தில் நிற்கும் இன்னொரு எருமை எல்லாம் உள்ளே வரும். இரண்டாவதில் இரண்டரை மீட்டர்தான். முழு எருமைகூட அதற்குள் அடங்காது. கறுப்புத் தோல்தான் வட்டம் முழுக்க நிறைந்திருக்கும். அது தோளா, வயிறா, வேறொரு எருமையா என்று கண்டுபிடிக்கவே ஒரு நொடி போய்விடும். அந்த ஒரு நொடியில் எருமை 14 மீட்டர் வந்துவிடும்.

1 மடங்கில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே சுடலாம். வலக்கண் பார்க்கும் படமும் இடக்கண் பார்க்கும் படமும் ஒரே அளவில் இருப்பதால் மூளை இரண்டையும் ஒன்றாக இணைத்துக்கொள்ளும். 1.5 மடங்கிலும் பழகினால் முடியும். 2 மடங்கைத் தாண்டினால் ஓடும் விலங்கின் மேல் பலருக்கு இது முடிவதில்லை. எனவே வாங்க வேண்டியது 1-4, 1-5, 1-6, 1-8 அல்லது 1.5-5 வகை. மேல் எல்லை 5 இருந்தாலே 100 மீட்டர் எருமைக்குப் போதும். அதே ரைஃபிளால் 200 மீட்டரில் மானையும் சுட வேண்டுமானால் 6 தேவைப்படலாம். 8-க்காகக் கூடுதல் பணமும் எடையும் கொடுப்பதில் எருமைக்காரருக்கு லாபம் ஏதும் இல்லை என்பது எங்கள் கருத்து.

வாங்கியபின் கைக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றுதான். நடக்கும்போது உருப்பெருக்க வளையம் எப்போதும் கடைசிக் கீழ் எண்ணில் இருக்க வேண்டும். கம்பின் மேல் ரைஃபிளை வைத்து, நேரம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு மேலே ஏற்றலாம். சுட்டு முடித்ததும், அடுத்த தோட்டாவை ஏற்றிய கையோடு, வளையம் திரும்பக் கீழே வந்துவிட வேண்டும். 6 மடங்கில் வைத்து முதல் குண்டைச் சுட்டுவிட்டு அப்படியே புதருக்குள் போவது இந்த வேட்டையின் மிகச் சாதாரணமான, மிகப் பயங்கரமான மறதி.

முன் கண்ணாடி 24 மி.மீ. என்றால் ஸ்கோப்பின் முன்பக்கம் விரியாமல் நேர்க் குழாயாக இருக்கும். வளையங்களைக் குழாயின் எந்த இடத்திலும் வைக்கலாம். ஸ்கோப்பைக் குழலுக்கு மிக அருகே தாழ்த்தி உட்கார வைக்கலாம். தாழ்த்தி வைத்தால் கன்னம் ரைஃபிளின் மரக்கட்டையை விட்டு எழும்பாது. உதை கன்னத்தில் அறையாது. அருகிலிருக்கும் இலக்கிலும் பலன் உண்டு. குழலின் நடுவிலிருந்து 40 மி.மீ. உயரத்தில் ஸ்கோப் இருக்க, .375-ஐ 75 மீட்டருக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 50 மீட்டரில் குண்டு குறியிலேயே படும். 100 மீட்டரில் ஏறக்குறைய 1 செ.மீ. கீழே, 10 மீட்டரில் 3 செ.மீ. கீழே படும். அதே ஸ்கோப் 60 மி.மீ. உயரத்தில் இருந்தால் 10 மீட்டரில் நாலரை செ.மீ. கீழே போகும். எருமையின் மார்புக்கு இது பொருட்டில்லை. நேருக்கு நேர் நிற்கும் யானையின் நெற்றியில் மூளையைத் தேடும் குண்டுக்கு நாலரை செ.மீ. சிறிய அளவு இல்லை.

சிறுத்தை மட்டும் இதற்கு விதிவிலக்கு. மரத்தில் இரையைக் கட்டி, 50, 60 மீட்டர் தள்ளி மறைவிடத்தில் காத்திருக்கும்போது சிறுத்தை பெரும்பாலும் வெளிச்சத்தின் கடைசிச் சொட்டில்தான் வரும். அப்போது கணக்கு மாறுகிறது. முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 24 மி.மீ. ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்தால் 4 மி.மீ.தான். 50 மி.மீ. ஸ்கோப்பை 8 மடங்கில் வைத்தால் 6 மி.மீ.க்கும் மேல். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. விரியும், வயதானவருக்கு 5. மரக்கிளைகளின் நடுவே புள்ளித் தோலின் தோளைப் பிரித்தறிய 2.5-10x50 போன்ற ஸ்கோப் வேண்டும். எருமையும் சிறுத்தையும் ஒரே பயணத்தில் இருந்தால், ஒரே ரைஃபிளுக்குக் கழற்றி மாட்டும் வளையத்தோடு இரண்டு ஸ்கோப்புகளை ஜீரோ செய்து எடுத்துப்போவதுதான் சரியான வழி. இரண்டுக்கும் நடுவே 3-9x40 ஒன்றை வாங்கினால் இரண்டு வேலையும் பாதிதான் நடக்கும்.

குறுக்குக்கோடு

நிழலில் நிற்கும் எருமை கறுப்பு. மெல்லிய கறுப்புக் கோடு அதன் மேல் விழுந்தால் காணாமல் போய்விடும். ஜெர்மன் 4 எனப்படும் குறுக்குக்கோடு வகையில் இடம், வலம், கீழே என மூன்று தடித்த கட்டைகள் இருக்கும். நடுவே மட்டும் மெல்லிய சிலுவை. கட்டைகள் கண்ணை நடுவுக்கு இழுத்து வரும். குறியின் நடுவே எரியும் விளக்கு அணைந்துபோனாலும் மூன்று கட்டைகளின் நடுவே விலங்கை வைத்துச் சுட முடியும். மையத்தில் சிவப்புப் புள்ளி எரியும் வகையை வாங்குவதே மேல். அது நண்பகல் வெயிலிலும் தெரியும் பிரகாசமா என்று கடைக்கு வெளியே, வெயிலில் நின்று ஒரு கறுப்புப் பொருளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தியில் மட்டும் தெரியும் புள்ளிகள் நிறைய உண்டு. ட்ரிஜிகான் அக்யுபாயின்ட் போன்றவை பேட்டரி இல்லாமல், பகலில் ஒளியிழை வழியாகவும் இருட்டில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவாலும் எரிகின்றன. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, பழையது வாங்கினால் மங்கியிருக்கும்.

குறுக்குக்கோடு இரண்டாவது குவியத்தளத்தில், அதாவது உருப்பெருக்கம் மாறினாலும் கோட்டின் அளவு மாறாத இடத்தில், இருக்க வேண்டும். முதல் குவியத்தளத்தில் இருந்தால் உருப்பெருக்கத்தோடு கோடும் சேர்ந்து சிறுக்கும். 1 மடங்கில், அதாவது மிக அவசரமான நேரத்தில், அது சிலந்தி நூலாகிவிடும். தூரம் அளக்கும் கோடுகளும் புள்ளிகளும் நிறைந்த குறியை இந்த ரைஃபிளில் போட வேண்டாம்.

வளையம், அடித்தட்டு, திருகு

ஸ்கோப்புக்குச் செலவழித்த பிறகு மிச்சத்தில் வளையம் வாங்குவதுதான் வழக்கம். இந்த வேட்டையில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பழுதாவது பெரும்பாலும் கண்ணாடி இல்லை. அதைப் பிடித்திருக்கும் இரும்புதான்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். .375 ரைஃபிளில் குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. அதற்குள் ரைஃபிள் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில் பின்னால் கிளம்பிவிடுகிறது. ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. 500 கிராம் எடையுள்ள ஸ்கோப்பைத் தன்னோடு இழுத்துப்போக வளையமும் திருகும் சராசரியாக 130 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்குகின்றன. உச்சக் கணத்தில் அதைவிடக் கூடுதல். 350 கிராம் ஸ்கோப்பானால் அது 90-க்கு இறங்கும். அரைக் கிலோவுக்கு மேல் போகும் ஸ்கோப்பைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்க ரைஃபிள்கள் பலவற்றில், வளையம் உட்காரும் அடித்தட்டை ரைஃபிளோடு பிடித்திருப்பது 6-48 அளவுத் திருகுகள். விட்டம் மூன்றரை மி.மீ. பெரிய காலிபரில் இவை தலை அறுந்து போவது உண்டு. நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து 8-40 அளவுக்கு (4.2 மி.மீ.) துளையைப் பெரிதாக்கி மரை வெட்டிக்கொள்வது சிறிய செலவு, பெரிய நிம்மதி. சிஇசட் 550 ரைஃபிளில் இந்தக் கவலையே இல்லை. அதன் பெட்டியின் (தோட்டா ஏறும் உலோகப் பகுதி) மேலேயே வளையம் உட்காரும் மேடை கடைந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ரூகர் ரைஃபிள்களிலும் இப்படித்தான். பிரிக்கத் திருகு இல்லாத இடத்தில் அறுந்துபோகவும் ஏதும் இல்லை.

பொருத்தும் முறை: திருகையும் துளையையும் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். அடித்தட்டுத் திருகில் நடுத்தர வலிமையுள்ள நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு. முறுக்கும் அளவை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் எண்ணே முதலில். அது கிடைக்காவிட்டால் வளைய மூடித் திருகுக்கு 15 முதல் 18 அங்குல பவுண்டு, அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டர். கையால் இறுக்கினால் இரண்டு விதமாகவும் கெடும். குறைந்தால் ஸ்கோப் முன்னோக்கி நகரும். வளையத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு பளபளப்புக் கோடு தெரிந்தால் அதுதான் அடையாளம். கூடினால் குழாய் நசுங்கி, உருப்பெருக்க வளையம் திரும்பத் திணறும். இரண்டு மூடியிலும் திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தோட்டா வெளியேறும் வழியைப் பலர் சரிபார்ப்பதே இல்லை. மவுசர் 98 வகை ரைஃபிள்களில் வெற்றுத் தோட்டா வலப்பக்கமாகப் பறக்கும். குறியை இடம் வலமாக நகர்த்தும், ஸ்கோப்பின் பக்கவாட்டுத் திருகின் மூடியும் வலப்பக்கம்தான். ஸ்கோப் மிகத் தாழ்வாக இருந்தால், .416 ரிக்பி போன்ற நீண்ட, கனத்த வெற்றுத் தோட்டா அந்த மூடியில் முட்டித் திரும்பப் பெட்டிக்குள்ளேயே விழும். அடுத்த தோட்டா ஏறாது. போலித் தோட்டாக்களை நிரப்பி, மெதுவாகவும் வேகமாகவும் இருபது தடவை போல்ட்டை இழுத்துப் பார்த்தால் இது வீட்டிலேயே தெரிந்துவிடும். தட்டையான மூடியுள்ள ஸ்கோப், அல்லது 2, 3 மி.மீ. உயரமான வளையம் போட்டால் தீரும். மவுசரின் பழைய நிமிர்ந்த பாதுகாப்பு நாக்கு தாழ்ந்த ஸ்கோப்பின் கீழே திரும்பாது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். வின்செஸ்டர் 70 போலப் பக்கவாட்டில் நகரும் நாக்கை வைத்துக்கொள்வதே அதற்குத் தீர்வு.

கழற்றினால் என்ன மிஞ்சும்?

ஸ்கோப் உடையும். மழையில் கண்ணாடி மறையும். லாரியிலிருந்து ரைஃபிள் விழும். அதனால் நெம்புகோலால் கழற்றும் வளையம் வேண்டும், அதன் கீழே வேலை செய்யும் இரும்புக் குறி வேண்டும். பின்னால் அகன்ற, ஆழமில்லாத 'வி' வடிவ வெட்டு, முன்னால் பெரிய வெள்ளை மணி. 50 மீட்டருக்கு ஜீரோ. ஆனால் நாற்பத்தைந்து வயதைக் கடந்த கண்ணுக்குப் பின்வெட்டு, முன்மணி, விலங்கு என மூன்று தூரத்தையும் ஒருசேரத் தெளிவாகப் பார்ப்பது கடினம். பின்வெட்டுக்குப் பதிலாக ஓட்டையுள்ள வளையக் குறி வைத்தால் முன்மணியை மட்டும் பார்த்தால் போதும்.

ரெட் டாட், அதாவது உருவத்தைப் பெரிதாக்காமல் கண்ணாடியில் ஒளிரும் புள்ளியை மட்டும் காட்டும் குறிக்கருவி, இந்தச் சிக்கலை இன்னும் எளிதாக்குகிறது. புள்ளியும் விலங்கும் ஒரே தளத்தில் தெரியும், கண் இடைவெளி என்ற தொல்லையே இல்லை, புருவம் தப்பிக்கும். எய்ம்பாயின்ட் மைக்ரோ எச்-2-இன் எடை 100 கிராமை ஒட்டித்தான். ஒரு சிஆர்2032 பேட்டரியில் 50,000 மணி நேரம் எரியும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அதன் 2 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி 50 மீட்டரில் 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான இடத்தைத்தான் மறைக்கும். இரட்டைக்குழல் ரைஃபிளுக்கு இதைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி தொழிற்சாலையில் இணைக்கப்பட்டவை. மேலே அரைக் கிலோவை ஏற்றினால் உதையில் ரைஃபிள் எழும்பும் விதம் மாறி அந்த இணக்கம் குலையலாம். 100 கிராம் அதைக் குறைவாகவே தொடும். புள்ளி உருகி நட்சத்திரமாகச் சிதறித் தெரிந்தால் முதலில் பிரகாசத்தைக் குறைக்க வேண்டும். அப்போதும் சிதறினால் கண்ணில் சிதறல் பார்வை இருக்கலாம், அவருக்கு ஸ்கோப்பே சரி. மேல் திறந்த வகை ரெட் டாட்டில் ஒளி எழும்பும் சிறு குழியை ஒரு துளிச் சேறு மூடினால் புள்ளியே போய்விடும். குழாய் வடிவ மூடிய வகைதான் புதருக்கு ஏற்றது.

முகாமில் செய்ய வேண்டியது

விமானம், பிறகு பல மணி நேரம் மண்சாலையில் லாண்ட் குரூசர். வந்திறங்கிய ரைஃபிளின் ஜீரோ வீட்டில் வைத்ததுதான் என்று நம்பிப் புறப்படக் கூடாது. திருகுகளை ரெஞ்ச் வைத்துத் தொட்டுப் பார்த்த பிறகு, காகித இலக்கில் 50 மீட்டரில், நின்றபடி, மூன்று கால் கம்பின் மேல் மூன்று குண்டு. மேடையில் சாய்ந்து சுட்ட ஜீரோவும் கம்பில் நின்று சுடும் ஜீரோவும் கனத்த ரைஃபிள்களில் சில சமயம் வேறுபடும். வேட்டையில் சுடப்போவது கம்பில்தான். மூன்றும் உள்ளங்கைக்குள் விழுந்தால் ஸ்கோப்பைக் கழற்றி, இரும்புக் குறியில் இரண்டு குண்டு. திரும்ப மாட்டும்போது வளையத்தை அடித்தட்டின் முன்விளிம்போடு ஒட்டும்வரை முன்னால் தள்ளி, நெம்புகோலைப் பூட்டி, மறுபடி ஒரு குண்டு. அது முதல் மூன்றோடு சேர்ந்து விழ வேண்டும். இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் விலகினால் வளையத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே மணலோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறதா என்று துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அப்படியும் விலகினால் அந்த ஸ்கோப்பை இந்தப் பயணம் முழுக்கக் கழற்றாமலே வைத்துக்கொள்ளலாம். கழற்றாமலே குண்டுகள் இடம் மாறிக்கொண்டிருந்தால், மற்ற பெட்டியில் கொண்டுவந்த இரண்டாவது ஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுநாள் காலை மீண்டும் காகிதத்தில் தொடங்க வேண்டும்.